சாவி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை

வண்டிகளை அனுப்பும் எங்கள் டிஸ்பாட்ச் அறைச் சுவரில் ஒரு சாவிப் பலகை உண்டு. விடியற்காலை நாலரைக்குள் டிரைவர்கள் வந்து அவரவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். ஐந்தரைக்குப் பிறகும் ஆணியில் தொங்குகிற சாவி என்றால் அந்த வண்டி அன்றைக்கு வெளியே போகாது. 2021 கோடையில் தினமும் வேலைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது அந்தப் பலகையைத்தான். காபியெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவில் ஒரு கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பாராட்ரான்சிட் சேவையை நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். வழக்கமான பஸ்ஸில் ஏறவோ, நிறுத்தம் வரை நடக்கவோ முடியாதவர்களுக்காக வீட்டு வாசலுக்கே வரும் வேன் அது. தர்மத்துக்கு ஓட்டுவதில்லை. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, பஸ் ஓடும் தடத்தின் இரு பக்கமும் முக்கால் மைலுக்குள், பஸ் ஓடும் அதே நாள், அதே நேரத்தில் இந்த வேனும் ஓடியாக வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. முந்தைய நாள் போன் செய்தால் மறுநாள் வண்டி தர வேண்டும். எதற்காகப் போகிறீர்கள் என்பதை வைத்து ஒருவருக்கு முன்னுரிமை கொடுத்து இன்னொருவரைத் தள்ளவும் கூடாது. டாக்டரிடம் போனாலும் சரி, தங்கை வீட்டில் சீட்டாடப் போனாலும் சரி, சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான்.

2020 மார்ச்சில் இவ்வளவும் ஒரே வாரத்தில் தலைகீழானது. பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் மூடின, வேலையிடங்கள் மூடின, பயணங்கள் சரிந்து போயின. மிஞ்சியது டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம். கொரோனா வந்தது என்பதற்காகச் சிறுநீரகம் விடுப்புத் தராதே.

ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று ஊரெல்லாம் சுவரொட்டி. எங்கள் டிரைவருக்கு அது எப்படி முடியும்? வீல்சேரை வேனில் ஏற்றியதும் அவர் தரையில் மண்டியிட்டு நாலு மூலையிலும் நாலு பட்டையை நாற்காலியின் சட்டகத்தில் மாட்டி இறுக்க வேண்டும். பிறகு எழுந்து, உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கும் தோளுக்கும் பெல்ட் போட வேண்டும். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. டிரைவர் சீட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தடுப்பு வைத்தோம். ஆனால் ஆபத்தான ஐந்து நிமிடமும் அவர் அந்தச் சீட்டில் இல்லாத ஐந்து நிமிடம்தான். கடைசியில் உதவியது, வேனுக்கு ஒரே பயணி, மாஸ்க், குளிரிலும் திறந்து வைத்த ஜன்னல், இவ்வளவுதான்.

எங்கள் டிரைவர்களில் பாதிப்பேர் வேறு வேலையில் ஓய்வு பெற்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தவர்கள். அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டில் இருக்கத் தொடங்கியதில் தப்பே இல்லை. அப்போது பணமும் தட்டுப்பாடில்லை. மத்திய அரசு 2020 மார்ச்சில் பொதுப் போக்குவரத்துக்கென்றே 2,500 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. சிக்கல் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொள்ளவே நிறையப் பேர் வேன் கேட்டார்கள், மையங்கள் திறந்தன, பயணிகள் திரும்பினார்கள். டிரைவர்கள் திரும்பவில்லை.

பார்சல் கம்பெனிகள் எங்களைவிட அதிகச் சம்பளம் கொடுத்தன. பார்சலுக்குத் தலை சுற்றாது, வாந்தி வராது, ஏன் லேட் என்று கேட்காது. எங்கள் வேன்கள் டிரைவரையும் சேர்த்துப் பதினாறு பேருக்குக் குறைவாக ஏற்றுபவை என்பதால் வணிக ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆள் கிடைப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். அந்த உரிமம் வேண்டாம் என்பதையே காரணமாக வைத்துத்தான் இத்தனை வருடம் சம்பளத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள் என்பது என் கருத்து. எங்களிடம் பழகியவர் அந்த உரிமத்தை வாங்கியதும் பெரிய பஸ்ஸுக்குப் போய்விடுவார். புதியவரை எடுக்கப் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் சோதனை, பட்டை மாட்டும் பயிற்சி என்று வாரக்கணக்கில் ஆகும். மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லும் என்றாலும் மத்திய விதிச் சோதனையில் அது தோல்விதான். இதைத் தெரியாமல் வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு.

இருப்பவர்களை வாரம் ஆறு நாள் வரச் சொன்னோம். ஒரு மாலை, நல்ல அனுபவசாலியான டிரைவர் ஒருவர் முன்பட்டையின் கொக்கியை வீல்சேரின் சட்டகத்தில் மாட்டாமல், கழற்றக்கூடிய கால்தாங்கியில் மாட்டிவிட்டார். திருப்பத்தில் கால்தாங்கி பிடுங்கிக்கொண்டு நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. யாருக்கும் அடியில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் எனக்குப் போன் செய்தபோது குரல் நடுங்கியது. ஆறாவது நாள் கேட்பதை அந்த வாரமே நிறுத்தினேன்.

அப்புறம் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். டிரைவர் இல்லாத ஓட்டங்களையும் அட்டவணையில் எழுதி வைத்தேன். காலையில் யாராவது கிடைப்பார்கள் என்ற நம்பிக்கைதான். அதனால் போனில் யாருக்கும் 'இல்லை' சொல்லவில்லை. மாத அறிக்கையில் மறுக்கப்பட்ட பயணம் பூஜ்யம் என்று வந்தது. பாராட்டுகூடக் கிடைத்தது. ஆனால் டயாலிசிஸ் முடிந்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ரத்த அழுத்தம் இறங்கிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், வண்டி வர இன்னும் எழுபது நிமிடம் ஆகும் என்று சொன்னதும் நான்தான். அவர் கோபப்படவில்லை. "சரி, உட்கார்ந்திருக்கிறேன், எங்கே போகப் போகிறேன்" என்றார்.

காலையில் போகும் பயணத்துக்கு நேரம் குறித்திருக்கும், எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போம். திரும்பும் பயணம் எப்போது தயாராகும் என்று யாருக்கும் தெரியாது. ஆள் பற்றாக்குறை முதலில் கடிப்பது அதைத்தான். அடிக்கடி தாமதமாக வருவதும் சேவையை மறுப்பதற்குச் சமம் என்றுதான் சட்டமும் சொல்கிறது. கேட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி வண்டி தந்தால், பயணி வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாலும் அது மறுப்புக் கணக்கில்தான் வர வேண்டும்.

இன்னொன்றும் அதிகம் பேசப்படுவதில்லை. டிரைவர் இல்லை என்று இரவு பஸ் தடத்தை வெட்டினால், அந்தப் பகுதியில் எங்கள் வேனின் கடமையும் அதோடு போகிறது. விதிமீறல் எதுவும் இல்லை. ஆகவே பஸ் தடக் குறைப்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், பஸ்ஸில் ஏறாதவர்களும் போய்ப் பேசுங்கள்.

வீட்டில் யாராவது இந்தச் சேவையைப் பயன்படுத்தினால்: வேன் எப்போது வர வேண்டும் என்பதைவிட, எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீல்சேர் மாற்றினால் முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாத பயணத்தை முதல் நாளே ரத்து செய்யுங்கள், அந்த இடம் இன்னொருவருக்கு. வண்டி உண்மையில் வந்த நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்கள் தாமதத்தால் நீங்கள் காத்திருக்காமல் கிளம்பிவிட்டால், அதை 'பயணி வரவில்லை' என்று உங்கள் பெயரில் எழுதக் கூடாது. எழுதியிருந்தால் தேதியோடு எழுத்தில் புகார் கொடுங்கள். திட்டிவிட்டு வைத்துவிடும் போன்கால் கோப்பில் ஏறாது.

இப்போது மதியத்துக்கு மேல் ஒரு வேனுக்கு ஓட்டம் எதுவும் எழுதுவதில்லை. டயாலிசிஸ் மையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், யார் முடித்து வந்தாலும் ஏற்றிக்கொள்ளும். பட்ஜெட் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள், அந்த வண்டி ஏன் சும்மா நிற்கிறது என்று. அடுத்த மாதமும் கேட்பார்கள். அந்த எழுபது நிமிடத்தைப் பற்றி அடுத்த மாதமும் சொல்வேன்.