நெல் விலை இறங்கினால் கடன் ஏறும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “விலைவாசி ஏறினால்தானே கஷ்டம்? 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் எல்லா விலையும் இறங்கியதாமே. மக்கள் சந்தோஷமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆட்சிகள் ஏன் ஆட்டம் கண்டன?”

முன்கதை தெரிந்ததுதான். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது, வங்கிகள் மூடின, 1933-இல் அமெரிக்காவில் வேலை தேடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அதை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் நெல்லுக்கு வருவோம். அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியானது. போதாக்குறைக்கு பர்மா அரிசியும் கப்பலில் வந்து இறங்கியது.

கணக்குக்காகக் கலம் (அந்தக் கால நெல் அளவு) நெல் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறு மிராசுதார், மகள் கல்யாணத்துக்கு 300 ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மனசில் அது 100 கலம். விலை ஒன்றரை ரூபாய்க்கு இறங்குகிறது. நோட்டில் அதே 300தான். அடைக்க வேண்டியதோ இப்போது 200 கலம். மனிதர் நாணயஸ்தர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 60 ரூபாய் அடைக்கிறார். மீதி 240, அதாவது 160 கலம். 100 கலத்துக்குக் கடன்பட்டவர், ஒரு பங்கை அடைத்த பிறகு 160 கலத்துக்குக் கடன்காரராக நிற்கிறார்! வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கிஸ்தியும், அதாவது நிலவரியும், ரூபாயில்தான், நெல் விலை இறங்கியதற்காக அது தானாக இறங்காது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கடன் அழுத்துவதால் அவர் குதிரில் வைத்திருந்த நெல்லையும் விற்கிறார். பக்கத்து ஊர்க்காரரும் விற்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை இன்னும் இறங்கும். விலை இறங்கினால் கடன் இன்னும் கனக்கும். அதனால் இன்னும் விற்பார்கள். நெல் தீர்ந்தால் நிலம். நிலத்தின் விலையும் இறங்க, அடமானம் பிடித்தவர் மிரண்டு போய்க் கடனைத் திருப்பிக் கேட்பார். கொள்ளிடக் கரையில் உடைப்பு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஓட்டை பெரிதானால் தண்ணீர் அதிகம் பாயும், தண்ணீர் அதிகம் பாய்ந்தால் ஓட்டை பெரிதாகும். இதில் யாரும் முட்டாள் இல்லை, ஊதாரியும் இல்லை. அவரவர் கடனை ஒழுங்காக அடைக்கப் பார்த்ததுதான் ஊரையே மூழ்கடித்தது.

1933-இல் இதை எழுதி விளக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர். சரிவுக்குச் சில நாள் முன்புதான் பங்கு விலைகள் இனி இறங்காது என்கிற மாதிரி சொல்லி, சொந்தச் சொத்தையும் தொலைத்திருந்தார். பட்ட பிறகு யோசித்தவர். அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை. இன்றும் பணக்கஷ்டம் என்றால் சனிப்பெயர்ச்சிப் பலன் பார்க்கிறவர்கள் இந்த 300 ரூபாய்க் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கடன் அழுத்தியதில் நகை வைத்திருந்த பீரோவும் திறந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தை, அதாவது பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்த ஏற்பாட்டை, கைவிட்டது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. விலை ஏறிய பண்டம் அது ஒன்றுதான்; கடன் கொடுத்தவனோ வாசலில் நிற்கிறான். வழிவழியாகத் தங்கம் வாங்கியே பழகிய நாடு கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது. அதே சமயம் ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். கூலிக்கு ஆள் கூடியது, வேலை கூடவில்லை.

எந்தெந்த ஊரில் எவ்வளவு நிலம் கைமாறியது என்பது அந்தக் காலப் பத்திரப் பதிவுப் புத்தகங்களில் இருக்கும். ஒரு மேம்பாலத் தூணுக்கு ஆகும் செலவை ஒதுக்கினால் பத்து ஆராய்ச்சி மாணவர்கள் உட்கார்ந்து படித்துவிடுவார்கள். பொருளியல் ஆராய்ச்சி என்றால் மட்டும் நமக்குக் கை வராது.

சரி, அரசியல். கடன் இறுகினால் ஊர் இரண்டாகப் பிளக்கும்: நோட்டு எழுதியவர், நோட்டை வைத்திருப்பவர். எழுதியவர்களே எப்போதும் அதிகம், அவர்களிடம் ஓட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜெர்மனியில் சான்சலர் புரூனிங்கின் அரசு சம்பளத்தையும் செலவையும் வெட்டி, சரிவை இன்னும் ஆழமாக்கியது, 1928-இல் 2.6 சதவீத ஓட்டு வாங்கிய நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 37 சதவீதம் வாங்கியது. நம் பக்கம் 1937 சென்னை மாகாணத் தேர்தலில் ஆட்சியிலிருந்த நீதிக்கட்சி படுத்தது, காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐப் பிடித்தது. வெற்றிக்குக் காரணங்கள் பல, கடனும் அதில் ஒன்று என்பது என் எண்ணம். ராஜாஜி அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நிலுவை வட்டி ரத்து. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. உடைப்பை அடைக்க மண்மூட்டை போடுவது போலத்தான்.

ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி என்றால் நிலத்தில் ஏதோ ஓர் உரிமை உள்ளவர் என்று பொருள். நெல்லையே கூலியாக வாங்கி, பண்ணையிலேயே கடன்பட்டுக் கிடந்த பண்ணையாளுக்கு ஏது நிலம்? கீழத்தஞ்சையில் அவர்கள் சங்கம் கட்டிச் செங்கொடி ஏற்றியது 1940-களில்.