அக்கார்ட் – மண இசைவு

ஆண்களுக்கான வாசனைத் திரவியங்களை விவரிக்கும்போது 'ரோஜா–புகையிலை அக்கார்ட்' என்ற தொடர் அடிக்கடி வரும். ரோஜாவும் புகையிலையும் கலந்தது என்று பொருள் கொண்டால் பாதிதான் சரி. பல மணப்பொருள்கள் தத்தம் தனி அடையாளத்தை விட்டுக்கொடுத்து, மூக்குக்கு ஒரே மணமாகப் படும் சேர்க்கையே அக்கார்ட்.

இது பிரெஞ்சுச் சொல். இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். மனம் ஒத்துப்போவது என்பது முதற்பொருள். பிறகு, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கைக்கு இசையில் பெயரானது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த செப்டிமஸ் பீஸ் என்ற வாசனைத் திரவியத் தயாரிப்பாளர் மணங்களைச் சுரவரிசை போலவே அடுக்கிக் காட்டினார். வாசனைத் திரவியம் செய்வோர், மணக்குப்பிகளை அடுக்கிய தங்கள் மேசையை இன்றும் 'ஆர்கன்' என்ற இசைக்கருவியின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ரோஜாவும் புகையிலையும் இசைவதற்கு வேதியியல் காரணமே உண்டு. ரோஜா எண்ணெயில் டமாசினோன் என்ற பொருள் 1 விழுக்காட்டுக்கும் மிகக் குறைவாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தத் தேனும் கனிந்த பழமும் கலந்த ஆழம் பெரிதும் அதிலிருந்தே வருகிறது. கரோட்டினாய்டு நிறமிகள் சிதையும்போது உண்டாகும் இதே பொருள், பதப்படுத்திய பர்லி வகைப் புகையிலையிலும் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும் இரண்டும் உள்ளே உறவுதான். எனக்கு இந்தச் சேர்க்கை இவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகையிலை என்றதும் நம் மனம் புகையைத் தேடும். பெயரிலேயே புகை இருக்கிறதே. திரவியத்தில் வருவதோ எரியாத இலையின் மணம்: உலர்ந்த புல், தேன், உலர்பழம். அந்தப் புல்வாசத்தை உயர்த்திக் காட்ட, டோங்கா விதையில் உள்ள கூமரின் என்ற மணப்பொருளையும் சேர்ப்பார்கள். ரோஜாவின் இனிப்பை இந்த வறட்சி அடக்குகிறது. இலையின் கரகரப்பை ரோஜா தணிக்கிறது. சாம்பல் நெடி அடித்தாலோ, சோப்பு போல ரோஜா மட்டும் துருத்திக்கொண்டு நின்றாலோ அது நயமான படைப்பு ஆகாது. முதலில் ரோஜா முன்னே வந்து, சில மணி நேரம் கழித்துப் புகையிலை சட்டையில் தங்கும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் புலப்படக் கூடாது. ரோஜா பெண்களுக்கானது என்பது விற்பனைப் பழக்கம் மட்டுமே. மணத்துக்கு அப்படியொரு விதி கிடையாது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கலவை' போதாது, எதை எதோடு சேர்த்தாலும் கலவைதான். 'உடன்பாடு' ஆட்சியாளர்கள் கையெழுத்திடும் அக்கார்டுக்குப் பொருந்தும், மணத்துக்கு ஒட்டாது. 'இசைவு' பொருத்தமான சொல். இசைதல் என்றால் ஒத்துப்போதல். இசை என்றால் பாட்டும் பண்ணும். பிரெஞ்சுச் சொல்லில் உள்ள இரு பொருளும் நம் ஒரே வேரில் முன்பே இருக்கின்றன. எனவே அக்கார்டை 'மண இசைவு' என்றும், தனித்தனியாக உணரப்படும் 'நோட்' என்பதை 'மணக்கூறு' என்றும் எழுதலாம். 'இந்தத் திரவியத்தின் நடுவில் ரோஜா–புகையிலை மண இசைவு அமைந்திருக்கிறது. மேலே மிளகு ஒரு மணக்கூறாக நிற்கிறது' என்று எழுதினால் எவருக்கும் புரியும்.