இ-சேவை மையத்துக்குப் போகுமுன்: கணினி தெரியாதவர்களுக்கு

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதியோர் ஓய்வூதியம் என்று எதற்கு விண்ணப்பிக்கவும் இப்போது இ-சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். இணையம் பழகியவர்கள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் தூத்தூர் கடற்கரையில் மீன் விற்கும் அம்மாவும், பேச்சிப்பாறை மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடிப் பெரியவரும் மையத்தில் இருக்கும் பையன் தட்டச்சு செய்வதையே நம்பியிருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கணினி இயக்கத் தெரியாவிட்டாலும் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும், உங்கள் விண்ணப்பம் உங்கள் கையில் இருக்கும்.

முதலில் கட்டணம். மேலே சொன்ன சான்றுகள் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு 10 ரூபாய்தான். கட்டியதும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்ப எண் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் வி.ஏ.ஓ. அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ போய் நின்றால், மனு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அப்புறம் கேன் எண். இது ஒருமுறை பதிவு செய்யும் கணக்கு. பெயர், அப்பா பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் இதில் ஏறும், பிறகு எடுக்கும் சான்றுகளுக்கும் இதே விவரம்தான் போகும். நம் குமரி மாவட்டத்தில் சிக்கல் இங்கேதான் அதிகம். ஆதாரில் அந்தோணி, பள்ளிச் சான்றிதழில் ஆன்டனி. ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். தவறாக ஏறிவிட்டால் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பிள்ளை அலைய வேண்டும். அதனால் கூச்சப்படாமல், “தம்பி, ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்பு, பேரை ஒருக்கா வாசிச்சிட்டு அனுப்பு” என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

அடுத்து ஓடிபி. விண்ணப்பிப்பவர் நீங்கள்தான் என்று உறுதிசெய்ய கைபேசிக்கு வரும் ஒருமுறை எண் அது. பல வீடுகளில் ஆதாரோடு இணைத்த எண் கணவருடையது. அவர் தங்கல் மீன்பிடிப்புக்கு ஆழ்கடல் போயிருந்தால் வாரக்கணக்கில் அந்த போனுக்கு சிக்னல் கிடையாது. மனைவி மையத்தில் காத்திருந்து பயனில்லை. உங்கள் எண்ணை உங்கள் ஆதாரில் சேர்த்துவிடுவதுதான் இதற்கு வழி. ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மாற்றலாம், வேறு ஆவணம் தேவையில்லை. தபால்காரர் வழியாக அஞ்சல் வங்கியும் இந்தச் சேவையைத் தருகிறது. யாராவது போனில் அழைத்து ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். மையத்திலும் அது எதற்கு வந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்க 2017-இல் மத்திய அரசு ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேர இலவசப் பயிற்சி. வயது வரம்பு 14 முதல் 60. முதியோர் ஓய்வூதியம் கேட்கும் வயதில் இருப்பவர்களைத்தான் அது வெளியே நிறுத்தியது. அவர்களுக்கல்லவா முதலில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்! அந்தத் திட்டமும் 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது.

கூடுதல் பணம் கேட்டாலோ சீட்டு தர மறுத்தாலோ 1100 எண்ணில் புகார் சொல்லலாம். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் கைப்பட எழுதினாலே போதும்.