சாலாமிசிரி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

டெல்லியில் சித்த மருத்துவம் பார்க்கிறேன். கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கமிருந்து வருகிற நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "டாக்டர், ஊர்ல லேகியத்துக்கு சாலாமிசிரி போடச் சொன்னாங்க, பழைய டெல்லி மசாலா மார்க்கெட் காரி பாவ்லியில சலாம் பஞ்சான்னு விக்கிறாங்களே, வாங்கட்டுமா?" வேண்டாம் என்பேன். ஏன் என்று விளக்க, வரிசையில் ஆள் காத்திருக்கும்போது நேரம் கிடைப்பதில்லை, அதனால் இங்கே.

அது ஒரு ஆர்க்கிட்டின் கிழங்கு. ஆர்க்கிட் என்றதும் மரத்தில் தொற்றிக்கொண்டு தொங்குகிற, கல்யாண மேடையில் செருகுகிற பூதான் நினைவுக்கு வரும். இது தரையில் வளர்வது. பெயர் டாக்டிலோரைசா ஹடாகிரியா. ஆப்கானிஸ்தானிலிருந்து பூட்டான் வரை நீளும் மலைத்தொடரில், நம் பக்கம் காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்டில், மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்குகிற உயரத்தில், பனி உருகி ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து முளைக்கும். ஜூன், ஜூலையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் ஒரே தண்டில் நெருக்கியடித்து நிற்கும். தொட்டியில் வைத்து டெல்லி வெயிலில் வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சிக்கல் மண்ணுக்கு அடியில்தான். பூத்து நிற்கிற செடியைப் பிடுங்கினால் விரல் விரித்த கை போல இரண்டு கிழங்குகள் இருக்கும்: ஒன்று கறுத்துச் சுருங்கியது, இந்த வருடச் செடி தின்று தீர்த்தது, இன்னொன்று வெள்ளையாக, கொழுகொழுவென்று, அடுத்த வருடச் செடிக்கானது. சந்தைக்கு வருவது இந்த வெள்ளைக் கிழங்கு. வேகவைத்துக் காயவைத்தால் கொம்பு மாதிரி கெட்டியாகி, வெளிச்சத்தில் லேசாகக் கண்ணாடி போலத் தெரியும். ஆக, உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுச் செடி, அதுவும் இனி முளைக்காத செடி.

விதையிலிருந்து வராதா? வரும், ஆனால் தூசி போன்ற அந்த விதைக்குள் முளைக்கும் கருவுக்கான உணவு கிடையாது, மண்ணில் குறிப்பிட்ட பூஞ்சை கூடவே இருந்து ஊட்டினால்தான் உயிர் பிடிக்கும், அப்புறம் பூக்கிற அளவுக்கு வளரவே சில வருடங்கள். மேய்ச்சல் வேறு, மலையில் ஏறும் வெப்பம் வேறு. 2022-இல், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியல் இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, அரிய உயிரினங்களின் நாடுகளிடை வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது, அந்தப் பட்டியல் இனங்களை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளும் 2022 திருத்தம் கொண்டுவந்தது. கடைக்காரர் சாதாரணமாக எடைபோட்டுத் தருகிறார் என்பதற்காக அது சாதாரணச் சரக்கு ஆகிவிடாது.

சரி, மருந்தாக அதில் என்ன இருக்கிறது? பெரும்பகுதி மாவுச்சத்தும் பசைச்சத்தும். பொடியைத் தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஊதும். வயிற்றுப்புண்ணுக்கும் பேதிக்கும் மலைக்காரர்கள் கொடுத்து வந்ததில் அர்த்தம் இருக்கிறது. ஆண்மைக்கு என்று இதற்குக் கிடைத்த பெயர், என் அபிப்பிராயத்தில், பல ஆர்க்கிட் கிழங்குகள் இரட்டையாக விதைப்பை வடிவில் இருப்பதைப் பார்த்துப் பிறந்தது. துருக்கியிலும் இதே கதைதான்: அங்கே இதன் உறவுக்காரக் கிழங்குகளை அரைத்துப் பானமும் ஐஸ்கிரீமும் செய்கிறார்கள், ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேல் கிழங்கு போகிறது. கடைசியில் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. கிடைக்காத மூலிகைக்குப் பிரதிநிதியாக வேறொன்றைச் சேர்ப்பது நம் மரபிலேயே உண்டு. சியவனப்பிராசத்தில் போகிற அஷ்டவர்க்கம் எனும் எட்டு மூலிகைகளில் ரித்தி, விருத்தி இரண்டும் இமயமலைத் தரை ஆர்க்கிட்கள்தான், அவற்றுக்குப் பதில் வாராகிக் கிழங்கைச் சேர்க்கலாம் என்று பழைய ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசமே சொல்கிறது. நான் உடல் தேற அமுக்கரா, பூனைக்காலி விதை, தண்ணீர்விட்டான் கிழங்கு எழுதுகிறேன், வயிற்றுக்கு இசப்கோல் போதும். அமுக்கராவும் இசப்கோலும் வயலில் விளைபவை. அளவும் சேர்மானமும் ஆளுக்கு ஆள் மாறும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

"இது பயிர் பண்ணினது மேடம்" என்று கடையில் சொன்னால், எங்கே பயிரானது, அதற்கான காகிதம் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே லேகியம் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சாலாமிசிரி, சாலப் மிஸ்ரி, சலாம் பஞ்சா, ஆர்க்கிஸ் என எந்தப் பெயரிலும் இருக்கலாம். பழைய மருந்துச் சீட்டில் இருந்தால் சீட்டோடு உங்கள் வைத்தியரிடம் போங்கள், மாற்றி எழுதித் தருவார்.