எழுதியது ஒன்று, ஓடுவது வேறு

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் கட்டளைகளைத் தானே திருத்தி எழுத முடியும். கட்டளையும் தரவும் நினைவகத்தில் கிடக்கும் பைட்டுகள்தானே. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் ஜிட் கம்பைலரும் இதன் நெருங்கிய உறவுதான். கட்டளைகளைச் சுடச்சுட உருவாக்கி எழுதிவிட்டு, அங்கேயே தாவி ஓடுகிறது.

சிக்கல் கேஷில் இருக்கிறது. நினைவகத்தில் உள்ளதை ப்ராசஸர் தன் பக்கத்திலேயே நகலெடுத்து வைக்கும் சிறிய, வேகமான சேமிப்புதான் கேஷ். இன்றைய ப்ராசஸர்களில் மிக நெருக்கத்தில் இருக்கும் எல்1 கேஷ் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்திருக்கும்: கட்டளைக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. நிரல் எழுதும் புதிய பைட் தரவுக் கேஷில் போய் விழுகிறது. கட்டளையை எடுக்கும் பகுதியோ கட்டளைக் கேஷைத்தான் பார்க்கும். அங்கே பழைய நகல் இருந்தால் ஓடுவதும் பழைய கட்டளையே. பிழை தேட உதவும் டீபக்கரில் பார்த்தால் புதியதுதான் தெரியும், ஏனென்றால் அதுவும் தரவு வழியாகத்தான் படிக்கிறது. பைத்தியம் பிடிக்க இது போதும்.

இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸர்கள் இதை வன்பொருளிலேயே பார்த்துக்கொள்கின்றன. எழுதப்படும் முகவரி கட்டளைக் கேஷிலோ, கட்டளைகள் படிப்படியாக நிறைவேறும் பைப்லைனிலோ இருந்தால், பாதியில் நிற்கும் வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி எடுக்கும். சரியாக ஓடும், மெதுவாக ஓடும். கட்டளைக்கு ஒட்டினாற்போல் ஒரு மாறியை வைத்து அடிக்கடி எழுதினாலும் இதே தண்டனைதான், கட்டளை எதுவும் மாறாவிட்டாலும்கூட.

இதே குடும்பத்தின் பழைய சில்லான 8086 இவ்வளவு கரிசனம் காட்டியதில்லை. அது 6 பைட்டுகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், 8088 எடுப்பது 4. இனி ஓடவிருக்கும், சில பைட்டுகள் தள்ளி இருக்கும் கட்டளையைத் திருத்திவிட்டு, ஓடியது பழையதா (8086) புதியதா (8088) என்று பார்த்தே இரண்டில் எந்தச் சில்லு என்று கண்டுபிடித்தார்கள் நிரலாளர்கள். குறும்புதான்!

கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகை ப்ராசஸர் பொறுப்பை மென்பொருளிடம் விடுகிறது. தரவுக் கேஷில் எழுதியதை, இரு கேஷ்களுக்கும் பொதுவான இடம்வரை தள்ள வேண்டும். முடியும்வரை காத்திருந்து, கட்டளைக் கேஷில் அந்த வரியை (கேஷ் மொத்தமாகக் கையாளும் பைட்டுத் தொகுதியை) செல்லாததாக்கி, மறுபடி காத்திருக்க வேண்டும். அப்புறம் ஐஎஸ்பி என்ற கட்டளையால், முன்பே எடுத்து வைத்ததையும் கழித்துவிட வேண்டும். 1996இல் ஸ்ட்ராங்ஏஆர்எம் என்ற ஏஆர்எம் சில்லு கேஷை இரண்டாகப் பிரித்தபோது, ஒரே கேஷை நம்பி எழுதிய பழைய நிரல்கள் சில உடைந்தன.

இன்னும் நுட்பமான பிழை ஒன்று கைபேசிகளில் முளைத்தது. ஒரே சில்லில் பெரிய மையங்களின் (கோர்களின்) கேஷ் வரி 128 பைட், சிறியவற்றில் 64. கேஷைத் துப்புரவு செய்யும் செயற்கூறு, வரியின் அளவை ஒரு முறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டது. பெரிய மையத்தில் கேட்டுவிட்டுச் சிறிய மையத்துக்கு நிரல் இடம் மாறினால், 128 பைட்டாகத் தாவி ஒன்று விட்டு ஒரு வரியைத் துப்புரவு செய்யாமலே விட்டுவிடும். தீர்வு: எந்த மையத்தில் ஓடினாலும் சிறிய அளவிலேயே தாவுவது.