றோட்டில மின்னுற றிப்ளெக்டர் இல்லையெண்டால் ஆரிட்டக் கேக்கிறது?

றோட்டு நடுவிலயும் ஓரத்திலயும் பதிச்சிருக்கிற, இரவில லைற் பட்டால் பளிச்செண்டு மின்னுற அந்தச் சின்னக் கட்டையளைக் கனபேர் காப்பெற் போட்டு முடிய வடிவுக்கு ஒட்டிவிடுற சாமான் எண்டு நினைக்கினம். ஒண்டு ரண்டு கழண்டாலும் ஆரும் பெரிசா எடுக்கிறேல்லை. ஆனா வெள்ளைக் கோடு, முடக்கில நிக்கிற அம்புக்குறி போட், மதகுக் கட்டில அடிக்கிற பெயின்ற் மாதிரித்தான் இதுவும் றோட்டின்ர ஒரு பாகம். போடுறதும் பழுதானால் மாத்துறதும் அந்த றோட்டு எந்த நிறுவனத்தின்ர பொறுப்பில இருக்குதோ அவையின்ர வேலை. அவையிட்ட நாங்கள் கேக்கலாம், எழுத்தில மறுமொழியும் எடுக்கலாம், எல்லாத்தையும் தமிழிலயே செய்யலாம். எங்க கேக்கிறது, எப்பிடிக் கேக்கிறது எண்டு தெரியாமல்தான் எங்கட யாழ்ப்பாணத்தில சனம் பேசாமல் இருக்குது, அதைத்தான் இதில எழுதுறன்.

முதல்ல இது எப்பிடி வேலை செய்யுது எண்டு கொஞ்சம் பாப்பம், ஏனெண்டால் அது விளங்கினால்தான் எது பழுது எண்டு சொல்லத் தெரியும். சாதாரண கண்ணாடியில லைற் பட்டால் அது வேற பக்கம் போயிடும். றிப்ளெக்டருக்குள்ள இருக்கிற லென்ஸ், வெளிச்சம் எந்தத் திசையில இருந்து வந்துதோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். உங்கட ஹெட்லைற்றுக்குக் கொஞ்சம் மேலதான் உங்கட கண் இருக்குது, அதால அது உங்களுக்குத்தான் மின்னும், ஓரத்தில நிக்கிற ஆளுக்குப் பெரிசா ஒண்டும் தெரியாது. இந்த யோசனையை முதல்ல றோட்டில கொண்டுவந்தது இங்கிலாந்தில ஹலிஃபாக்ஸ் பக்கத்து ஆள் பேர்சி ஷோ, 1934 இல. அவர் செய்தது றப்பர் பெட்டிக்குள்ள கண்ணாடிக் குண்டு வைச்ச மாதிரி, சில்லு ஏறினால் றப்பர் அமுங்கி அந்தக் கண்ணாடியைத் தானாத் துடைச்சுவிடும். இப்ப கூட ஒட்டுறது பிளாஸ்ரிக் இல்லாட்டி அலுமினியக் கட்டை, அது தன்னைத் தானே துடைக்காது. தூசி, சேறு, தார் பிடிச்சால் பிடிச்சதுதான். அதால கட்டை கழராமல் இருந்தாலும் செத்துப்போய் இருக்கலாம், இதை ஞாபகம் வைச்சிருங்கோ.

வெள்ளைக் கோடும் இரவில மின்னும். கோடு போடேக்க உருக்கின பெயின்ற்றுக்கு மேல பொடிக் கண்ணாடி மணியள் தூவிறவை, அதுதான் மின்னுறது. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தக் கோட்டைப் பாத்திருப்பியள், காணாமலே போயிடும். மணிக்கு மேல மெல்லிசாத் தண்ணி நிண்டால் வெளிச்சம் திரும்பி வராமல் தண்ணியில பட்டுச் சிதறிடும். றிப்ளெக்டர் கட்டை றோட்டு மட்டத்தை விட ஒண்டு, ஒண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில நிக்கிறதால அந்தத் தண்ணிக்கு மேல தலை நீட்டிக்கொண்டு இருக்கும். எங்கட மழை கூடுதலா ஒக்ரோபரில இருந்து டிசெம்பர் வரைக்கும், அதுவும் பின்னேரம் ஆறு மணிக்கே இருட்டுற காலம். கோடு இருக்குது தானே, கட்டை எதுக்கு எண்டு கேக்கிறவைக்கு இதுதான் மறுமொழி.

இன்னொரு கணக்கும் இருக்குது. மணிக்கு 60 கிலோமீற்றரில போறவர் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் போறார். லைற்றை டிம் பண்ணினால் கறுத்தக் காப்பெற் றோட்டில ஒரு 40, 50 மீற்றருக்கு அங்கால ஒண்டும் துலங்காது, அப்ப முடக்கு கண்ணில பட்டு அதில போய்ச் சேர மூண்டு செக்கன் கூட இல்லை. நல்ல நிலையில இருக்கிற றிப்ளெக்டர் அதை விடக் கனதூரத்துக்கு முதலே றோட்டு எந்தப் பக்கம் வளையுது எண்டு காட்டித்தரும். பொன்னாலைப் பாலம், பண்ணைப் பாலம், வேலணையில இருந்து புங்குடுதீவுக்குப் போற வாணர் தாம்போதி, இந்த மாதிரி ரண்டு பக்கமும் கடல் இருக்கிற இடங்களில இரவில போய்ப் பாத்தவைக்கு இது விளங்கும். எதிரில வாற லைற் கண்ணுக்குள்ள அடிச்சால் றோட்டு எங்க முடியுது கடல் எங்க தொடங்குது எண்டு ஒரு நிமிசம் தெரியாது. உப்புக்காத்தும் மணலும் அங்கதான் கூட, லென்ஸ் கீறுப்பட்டு மங்கிறதும் அங்கதான் கெதியா.

பகலில இது என்ன செய்யும் எண்டால், பெரிசா ஒண்டும் செய்யாது. பகலுக்கு நிறம்தான் வேணும். வீதி வேலை செய்யிற ஆக்கள் போடுற ஒறேஞ் இல்லாட்டி பச்சை கலந்த மஞ்சள் மேலங்கியைப் பாருங்கோ, அந்தத் துணி சூரிய வெளிச்சத்தில கண்ணுக்குத் தெரியாத கதிரையும் நிறமா மாத்தி வெளிய விடுறதால பகலில எடுப்பாத் தெரியும், ஆனா இரவில அந்தத் துணியால பிரயோசனம் இல்லை, அதில தைச்சிருக்கிற வெள்ளிப் பட்டிதான் இரவில வேலை செய்யிறது. முடக்கில நிக்கிற அம்பு போட்டும் அப்பிடித்தான், பகலுக்கு நிறம், இரவுக்கு அதில ஒட்டியிருக்கிற மின்னுற ஸ்ரிக்கர். ஆரும் போட்டுக்கு மேல சாதாரண பெயின்ற் அடிச்சாலோ, நோட்டீஸ் ஒட்டினாலோ பகலில ஓரளவு தெரியும், இரவில அது வெறும் தகரம். தேர்தல் காலத்திலயும் ரியூசன் விளம்பரம் ஒட்டேக்கயும் தயவுசெய்து இதை யோசியுங்கோ.

நிறத்தைப் பற்றியும் கேக்கினம். பிரித்தானியாவில, அவையும் எங்களை மாதிரி இடப்பக்கம் ஓடுறவை, வெள்ளை எண்டால் ஓடுபாதையைப் பிரிக்கிறது, சிவப்பு எண்டால் இடப்பக்க ஓரம், மஞ்சள் எண்டால் வலப்பக்கம் நடுத் திட்டுப் பக்கம், பச்சை எண்டால் கிளை றோட்டு வந்து ஏறுற இடம். ஆனா நான் சொல்லுறது, நிறத்தை மட்டும் நம்பி ஓடாதேங்கோ, கோட்டைப் பாருங்கோ. விட்டு விட்டுக் கீறின கோடு எண்டால் எதிரில ஒருத்தரும் இல்லாட்டி முந்தலாம், தொடர் கோடு எண்டால் தாண்டக் கூடாது, ரண்டும் பக்கத்தில பக்கத்தில இருந்தால் உங்கட பக்கம் இருக்கிற கோடுதான் உங்களுக்கு. கட்டையளை முடக்கில நெருக்கி, நேர் றோட்டில அகட்டிப் போடுறது வழமை. அதால முன்னுக்கு மின்னுறது நெருங்கிக்கொண்டு வந்தால் வேகத்தைக் குறையுங்கோ.

சைக்கிள்காரருக்கு ஒரு விசயம். றிப்ளெக்டர் தானா எரியாது, லைற் குடுத்தால்தான் திருப்பித் தரும். லைற் இல்லாத சைக்கிளில போறவருக்கு றோட்டில எத்தனை கட்டை பதிச்சாலும் ஒண்டு கூடத் தெரியாது. எங்கட ஊரில இன்னும் ரியூசன் முடிஞ்சு இருட்டுக்குள்ள பிள்ளையள் சைக்கிளில வருகுதுகள். முன்னுக்கு வெள்ளை லைற், பின் மட்காட்டில சிவப்பு றிப்ளெக்டர், ரண்டும் வேணும், லைற் இல்லாமல் இரவில ஓடினால் பொலிஸ் மறிச்சு வழக்கும் போடலாம். கரியரில புத்தகப் பையைக் கட்டேக்க அந்தச் சிவப்பை மூடாமல் கட்டச் சொல்லுங்கோ. லான்ட்மாஸ்டர் பெட்டிக்கும் இதேதான், வெங்காயச் சாக்கு, வைக்கோல் ஏத்தினால் பின் ஸ்ரிக்கர் மறைஞ்சுபோகும், பின்னால வாற மோட்டச்சைக்கிள்காரர் கிட்ட வந்துதான் காண்பார். முன்னுக்கு வெள்ளை, பக்கத்துக்கு மஞ்சள், பின்னுக்கு சிவப்பு, இதை மாத்தி ஒட்டாதேங்கோ, பின்னுக்கு வெள்ளை ஒட்டினால் எதிரில வாகனம் வருகுது எண்டு நினைப்பினம்.

இனி ஆரிட்டக் கேக்கிறது எண்ட கதை. இலங்கையில ஏ, பி வகுப்பு றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. தலைமை ஒபிஸ் பத்தரமுல்லையில இருந்தாலும் யாழ்ப்பாணத்திலயும் அவைக்கு ஒபிஸ் இருக்குது. ஏ9, நாவற்குழியில இருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால மன்னாருக்குப் போற ஏ32, காங்கேசன்துறை றோட்டு, பருத்தித்துறை றோட்டு எல்லாம் இதுக்குள்ள. சி, டி வகுப்பு றோட்டுகள் வட மாகாணத்தின்ர வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம், எங்கட ஒழுங்கையள், உள் றோட்டுகள் எல்லாம் உள்ளூராட்சி சபையளுக்கு. யாழ் மாவட்டத்தில ஒரு மாநகர சபை, மூண்டு நகர சபை, 13 பிரதேச சபை, மொத்தம் 17. காப்பெற் போட்டிருக்குது எண்டதுக்காக அது அதிகார சபையின்ர றோட்டு எண்டு முடிவு கட்டாதேங்கோ, மாகாண றோட்டுகளும் பிரதேச சபை றோட்டுகளும் கூட காப்பெற்றாக் கிடக்குது. பிழையான ஒபிஸுக்குக் குடுத்த கடிதம் அங்கயே கிடந்து பழுதாப்போகும். தெரியாட்டி முதல்ல பிரதேச சபையில கேளுங்கோ, தங்கட றோட்டு எதெது எண்ட லிஸ்ற் அவையிட்ட இருக்கவேணும். வட்டார உறுப்பினரையும் பிடிக்கலாம், இப்பிடி விசயத்துக்குத்தான் அவையைத் தெரிவு செய்தது.

கடிதம் எழுத முதல் ஒருக்கா இரவில போய்ப் பாருங்கோ. போன் ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில, கன்னத்தோட ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒரு பத்துப் பதினைஞ்சு மீற்றர் தூரத்தில நிண்டு அடியுங்கோ. இடுப்பளவில பிடிச்சால் நல்ல கட்டையும் மங்கலாத்தான் தெரியும், ஏனெண்டால் வெளிச்சம் ரோச்சுக்குத்தான் திரும்பிப் போகுது, உங்கட கண்ணுக்கு இல்லை. மின்னாத கட்டையைத் துணியால துடைச்சுப் பாத்து மின்னினால் ஊத்தைதான், துடைச்சும் மின்னாட்டி லென்ஸ் போயிட்டுது. போனில பிளாஷ் போட்டுப் படம் எடுத்தாலும் நல்லாத் தெரியும். வாகனம் வாற றோட்டு, தனியப் போகாதேங்கோ, ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கவேணும்.

கடிதத்தில உணர்ச்சியா எழுதிறதை விட இடத்தைத் துல்லியமா எழுதிறதுதான் வேலைக்கு ஆகும். "இன்ன வீதியில் இன்ன சந்திக்கும் இன்ன சந்திக்கும் இடையில், இத்தனையாம் கிலோமீற்றர் கல்லுக்கு அருகிலுள்ள வளைவில், நடுக்கோட்டில் பதிக்கப்பட்டிருந்த ஒளித்தெறிப்பான்கள் கழன்றுள்ளன. இரவு நேரத்தில் வளைவு தெரிவதில்லை. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. மீளப் பதித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவும் காணும். ரண்டு பிரதி எடுத்து ஒண்டில திகதியும் ஒபிஸ் முத்திரையும் போட்டு வாங்குங்கோ, இல்லாட்டிப் பதிவுத் தபாலில அனுப்புங்கோ. வட மாகாணத்தில நிர்வாக மொழி தமிழ், தமிழில எழுதின கடிதத்துக்குத் தமிழிலதான் மறுமொழி வரவேணும், சிங்களத்திலயோ இங்கிலிசிலயோ எழுதித் தாங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேலாது.

மறுமொழி வராட்டித்தான் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதை நான் வடிவா விளங்கப்படுத்த வேணும், கனபேர் இதைப் பத்திரிகைக்காரருக்கு மட்டும் எண்டு நினைக்கினம். இலங்கைப் பிரஜை ஆரும் கேக்கலாம், ஏன் கேக்கிறீர் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பொது நிறுவனத்திலயும் தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருக்கவேணும், அவருக்குத்தான் விண்ணப்பம். எழுத ஏலாதவர் வாயால சொன்னால் அவர்தான் எழுதிக்கொள்ள வேணும். (வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்த சொந்தக்காரர் காசு தரலாம், விண்ணப்பத்தில கையெழுத்து ஊரில இருக்கிற ஆள்தான் வைக்கவேணும்.)

என்ன கேக்கிறது எண்டதிலதான் கெட்டித்தனம். "ஏன் றிப்ளெக்டர் போடேல்லை" எண்டு கேட்டால் அது முறைப்பாடு மாதிரிப் போயிடும். இப்பிடிக் கேளுங்கோ: இந்த வீதி எந்த வகுப்பு, ஆரின்ர பொறுப்பு, கடைசியாக் கோடு கீறினது எப்ப, கடைசி ஒப்பந்தத்தில எத்தனை றிப்ளெக்டர் போடுறதெண்டு இருந்தது, எத்தனை போட்டதுக்குக் காசு குடுத்தது, கொந்தறாத்துக்காரர் பழுதுகளைத் தன்ர செலவில திருத்த வேண்டிய காலம் எண்டைக்கு முடியுது. கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்தக் காலம் முடியாமல் இருந்தால், கழண்டதை அவர்தான் போட்டுத்தர வேணும், அரசாங்கத்துக்குப் புதுச் செலவு இல்லை, அதால வேலை நடக்கிற சாத்தியமும் கூட.

விண்ணப்பம் குடுத்து 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு அவை முடிவு சொல்லவேணும். தரலாம் எண்டால் அதுக்குப் பிறகு 14 நாளுக்குள்ள தகவல், தேவையெண்டால் இன்னும் 21 நாள் வரைக்கும் நீட்டலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டி ரண்டு மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். திகதியளைக் கலண்டரில குறிச்சு வைச்சிருங்கோ, கனபேர் இந்த 14 நாளைத் தவறவிட்டுத்தான் பாதியில நிக்கிறது.

கடைசியா, சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் வெளிநாட்டுக் காசில தாங்களே றிப்ளெக்டர் வாங்கி ஒட்டுவம் எண்டு வெளிக்கிடினம். நல்ல மனம்தான், ஆனா றோட்டுக்குப் பொறுப்பான நிறுவனத்தின்ர எழுத்து அனுமதி இல்லாமல் செய்யாதேங்கோ. பிழையான இடத்தில, பிழையான நிறத்தில ஒரு கட்டை மின்னினால் இரவில வாறவர் அதை நம்பித்தான் வளைப்பார். ஏற்கெனவே இருக்கிறதைக் கிளப்பிக்கொண்டுபோய் வீட்டு வாசலில ஒட்டுறது 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க பொதுச் சொத்துக்கெதிரான குற்றங்கள் சட்டத்துக்குள்ள வரும், பிணை எடுக்கிறதே கரைச்சல். உதவி செய்ய விரும்புற கழகம் அனுமதிக் கடிதத்தில எந்த றோட்டு, எந்தப் பகுதி, எந்த நிறம், எத்தனை, எவ்வளவு தூரத்துக்கு ஒண்டு எண்டதை அந்த நிறுவனத்தின்ர இஞ்சினியரிட்டயே எழுதி வாங்குங்கோ, ஒட்டுற நாளில பொலிசுக்கும் அறிவிச்சுப்போட்டு, ரண்டு பக்கமும் மின்னுற மேலங்கி போட்ட ஆக்களை நிப்பாட்டிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ.