குன்னூர் வீட்டுச் சுவர்ல ஓதம்: பனியா, கட்டின குறையா?

குன்னூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. புது வீடு வாங்கி நாலரை வருஷம் ஆச்சு, கீழ் ரூம்ல மண்ணு பக்கத்துச் சுவர் முட்டளவுக்குப் பொரிஞ்சு பெயிண்ட் உரிஞ்சு வெள்ளையா உப்பு பூக்குது, பில்டர்கிட்ட சொன்னா "மலை ஊரு மேடம், பனிக்கு சுவர் நனையத்தான் செய்யும், ஜன்னலைத் தொறந்து வைங்க"ன்னு சொல்லிடுறார், நிஜமாவே பனிதானான்னு.

முதல்ல தேதியைப் பாருங்க. ரெராவுல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல, பதிவான ப்ராஜெக்ட்னா, 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தோட 14ஆவது பிரிவுப்படி வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ இருக்குன்னு நாம தெரிவிச்சா, 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரி பண்ணித் தரணும். சொந்த மனையில காண்ட்ராக்டர் வெச்சுக் கட்டினவங்க அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும். அக்காவுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு.

இப்ப பனி விஷயம். பில்டர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. ரூம்ல 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னு வெச்சுக்கோங்க, சுவர் சுமார் 14 டிகிரிக்குக் கீழ போனா காத்துல இருக்கிற ஈரம் அதுமேல தண்ணியா படியும், குளிர்ந்த சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி. மலையில ராத்திரி இது சகஜம். ஆனா இந்த ஈரம் பெரும்பாலும் குளிர்ந்த மூலைகள்லயும் பீரோவுக்குப் பின்னாடியும் கருப்புப் பூஞ்சையா வரும். முட்டளவுல கோடு போட்ட மாதிரி நின்னு உப்பு பூக்கிறது வேற கதை, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

குத்துவிளக்குத் திரியைப் பாருங்க, எண்ணெய் கீழ இருக்கு, சுடர் மேல எரியுது, யாரும் ஏத்தி விடல, நூல் இழைகளுக்கு நடுவுல இருக்கிற சின்னச் சந்துல எண்ணெய் தானே ஏறிப் போகுது. செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் அதே மாதிரி ஒரு பெரிய திரிதான். குழாய் எவ்வளவு ஒல்லியோ தண்ணி அவ்வளவு உசரம் ஏறும்னு ஜேம்ஸ் ஜூரின்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1718லயே அளந்து சொல்லிட்டார். கண்ணாடிக் குழாய் 1 மில்லிமீட்டர் அகலம்னா 3 சென்டிமீட்டர் ஏறும், 0.1 மில்லிமீட்டர்னா 30 சென்டிமீட்டர், 0.02னா ஒன்றரை மீட்டர். சுவருக்குள்ள இருக்கிற துளை அதைவிடப் பொடிசு. அப்போ மாடி வரைக்கும் ஏற வேண்டாமா? ஏறாது, ஏன்னா ஏறுற வழியெல்லாம் காத்துல காய்ஞ்சுக்கிட்டே போகுது, கீழ இருந்து வர்றதும் மேல காயறதும் சமமாகிற இடத்துல நின்னுடும். அந்தக் கோடுதான் நீங்க சுவர்ல பார்க்கிறது. தண்ணி ஆவியாப் போயிடும், அது மண்ணுல இருந்து சுமந்துட்டு வந்த உப்பு போகாது, பூச்சுக்குள்ளயே படிகமா வளர்ந்து பூச்சை வெளியே தள்ளும். விரலால தேய்ச்சா மாவா கொட்டுறது அதனாலதான். இதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்துக்கு மேல டிபிசின்னு ஒரு தண்ணி ஏறாத அடுக்கு போடுறது.

மலைச்சரிவை வெட்டிக் கட்டின வீட்டுல இன்னொண்ணும் இருக்கு, தண்ணி பக்கவாட்டுல இருந்தும் தள்ளும். சுவருக்குப் பின்னாடி 1 மீட்டர் உசரத்துக்குத் தண்ணி தேங்கினா, அடியில ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம். அது வெளியேறத்தான் தடுப்புச் சுவர்ல வீப் ஹோல் விடுறாங்க, பின்னாடி ஜல்லி போடுறாங்க. நல்ல மழை விட்ட பிறகும் அந்த ஓட்டையெல்லாம் காய்ஞ்சு கிடந்தா சந்தோஷப்படாதீங்க, அடைச்சிருக்கலாம். 2009 நவம்பர்ல குன்னூர் பக்கத்துக் கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டின நீலகிரி மாவட்டம் இது. அதனால வீட்டைச் சோதிக்கிறதுன்னா மழையிலதான் சோதிக்கணும், குன்னூர், கோத்தகிரின்னா அக்டோபர் நவம்பர்ல, கூடலூர் பக்கம்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட்டுக்குள்ள. பில்டர் அனுப்புற ஆள் வேண்டாம், நீங்களே காசு கொடுத்து ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

அக்கா வீட்டுக்கு வந்த ஒருத்தர் ஈசானிய மூலையில குறைன்னு சொல்லி பரிகாரத்துக்குப் பணம் கேட்டிருக்கார். எனக்குக் கோபமே வந்துச்சு, இன்ஜினியருக்குக் கொடுக்க வேண்டிய காசு அது. மலை வீட்டுச் சுவர்களோட ஈரத்தை வருஷம் முழுக்க அளந்து வைக்க ஊட்டியில ஒரு சின்ன ஆராய்ச்சி யூனிட்டுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கினா எத்தனை குடும்பத்துக்கு உதவும்.

பனியா மண்ணுத் தண்ணியான்னு நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கு. சப்பாத்தி சுத்துற அலுமினிய ஃபாயிலை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சுவரைத் துணியால துடைச்சுட்டு, நாலு ஓரமும் காத்துப் போகாம டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. முன்பக்கம் நனைஞ்சா ரூம் காத்து ஈரம், பின்பக்கம் நனைஞ்சா சுவருக்குள்ள இருந்து வர்ற ஈரம், ரெண்டும் நனைஞ்சா ரெண்டும் இருக்கு. புதுசா கட்டின வீட்டுல கட்டும்போது ஊத்தின தண்ணியே காய ஒரு வருஷம்கூட ஆகலாம், நாலரை வருஷத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

அக்கா சனிக்கிழமை ராத்திரி ஒட்டி திங்கள் ராத்திரி பிரிச்சு போட்டோ அனுப்பினாங்க. முன்பக்கம் பளபளன்னு காய்ஞ்சு இருக்கு, பின்பக்கம் முத்து முத்தா தண்ணி, சுவர்ல ஃபாயில் இருந்த சதுரம் மட்டும் கருத்துப் போயிருக்கு. தேதி தெரியுற மாதிரி அந்த போட்டோவையும் வெச்சு பில்டருக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதியாச்சு, அடுத்த மழைக்கு வீப் ஹோல் பார்க்க இன்ஜினியர் வர்றார்.